புயலில் சிக்கி குமரிக்கு வந்த ராட்சத கழுகு: ஊர் மாறி வரும் பறவையை பார்த்தால் என்ன செய்யணும்?

ஒக்கி புயலை குமரி மாவட்ட மக்கள் யாரும் மறந்திருக்க மாட்டார்கள். 2017-ம் ஆண்டு நவம்பர் 30-ந்தேதி அடித்த அந்த புயலில் ரப்பரும் வாழையும் அடியோடு சாய்ந்தன. கடலுக்கு போன மீனவர்கள் பலர் கரை திரும்பவே இல்லை. ஊரே அழுது கொண்டிருந்த அந்த நாட்களில்தான், நாகர்கோவில் பகுதியில் இதற்கு முன்பு யாரும் பார்த்திராத ஒரு பறவை பறக்க முடியாமல் தவித்துக் கொண்டிருந்தது.

கருகருவென்று உடம்பு. கொக்கி மாதிரி வளைந்த அலகு. இந்த இனம் இறக்கையை விரித்தால் இந்த நுனிக்கும் அந்த நுனிக்கும் 8 அடிக்கு மேல் இருக்கும். நன்றாக வளர்ந்தது என்றால் 10 அடியை தொடும். நம் ஊர் பருந்தை பார்த்து பழகிய கண்ணுக்கு அது ராட்சதன்.

வனத்துறையினர் அதை மீட்டனர். அது சினேரியஸ் எனப்படும் கரும் பிணந்தின்னி கழுகு. அதிலும் இளம் பறவை. ஸ்பெயின் நாட்டில் தொடங்கி மங்கோலியா வரை உள்ள மலைப்பகுதிகளில் வாழும் இனம் இது. குளிர் காலம் வந்தால் ஒரு பகுதி பறவைகள் வட இந்தியாவுக்கு வரும். ராஜஸ்தானில் செத்த மாடுகளை கொண்டு போய் போடும் இடங்களில் மற்ற கழுகுகளோடு சேர்ந்து உட்கார்ந்திருக்கும். அதற்கு நாட்டின் தென்கோடி முனையில் என்ன வேலை?

புயலின் பெயரையே வைத்து அதை "ஒக்கி" என்று கூப்பிட்டார்கள். தக்கலை அருகே உள்ள உதயகிரி கோட்டை பூங்காவில் அதற்கு இடம் கிடைத்தது. டச்சு தளபதி டிலனாய் கல்லறை இருக்கிறதே, அதே கோட்டைதான். அங்கே ஒரு நாள், இரண்டு நாள் இல்லை, சுமார் 5 ஆண்டுகள் இருந்தது. கடைசியில் 2022-ம் ஆண்டு நவம்பர் மாதம் குமரியில் இருந்து சாலை வழியாக சென்னைக்கு கொண்டு வந்து, ஏர் இந்தியா விமானத்தில் ஏற்றி, ராஜஸ்தான் மாநிலம் ஜோத்பூரில் உள்ள மாச்சியா உயிரியல் பூங்காவில் கொண்டு போய் சேர்த்தனர். 2 ஆயிரம் கிலோ மீட்டருக்கு மேல் பயணம்.

ஒரு கழுகுக்கு விமான பயணமா, கூண்டை திறந்து விட்டால் தானே பறந்து போகாதா என்று கேட்க தோன்றும். நியாயமான கேள்விதான். ஆனா அதுல ஒரு சிக்கல் இருக்கு.

பிணந்தின்னி கழுகு தனியாக பிழைக்கிற பறவை இல்லை. வேட்டையாடாது. செத்த விலங்கு எங்கே கிடக்கிறது என்பதை மேலே பறக்கும் மற்ற கழுகுகளை பார்த்துத்தான் தெரிந்து கொள்ளும். ஒன்று கீழே இறங்கினால் மைல் கணக்கில் தள்ளி பறப்பவை எல்லாம் பின்னாலேயே வந்து விடும். குமரியில் யாரை பார்த்து அது இறங்கும்? தமிழ்நாட்டில் கழுகுகள் கூட்டமாக மிஞ்சி இருப்பது நீலகிரி, சத்தியமங்கலம் பக்கம் மாயாறு பள்ளத்தாக்கில்தான். மற்ற இடங்களில் எல்லாம் 1990-களில் இருந்தே காலியாகி விட்டது. மாட்டுக்கு போட்ட டைக்ளோபினாக் என்ற வலி மருந்து, அந்த மாட்டின் பிணத்தை தின்ற கழுகுகளை கொன்றது. 2006-ம் ஆண்டு கால்நடைகளுக்கு அந்த மருந்து தடை செய்யப்பட்டது. அதற்குள் இந்தியா முழுவதும் பெரும்பாலான கழுகுகள் போய் விட்டன. ஆகவே ஒக்கியை குமரியில் திறந்து விட்டிருந்தால் அது விடுதலை இல்லை, பட்டினிதான்.

புயல் மட்டுமே காரணமா?

புயல் தூக்கிக் கொண்டு வந்து போட்டு விட்டது என்றுதான் ஊரில் பேச்சு. ஆனா கொஞ்சம் யோசித்து பாருங்க. ஒக்கி புயல் உருவானது இலங்கைக்கு தெற்கே கடலில். ராஜஸ்தானில் இருந்து ஒரு கழுகை அள்ளிக் கொண்டு வரும் வாய்ப்பே அதற்கு இல்லை.

நவம்பர், டிசம்பர் மாதங்கள் இந்த கழுகுகள் குளிருக்கு பயந்து தெற்கே இறங்கும் காலம். இளம் பறவைகள் முதல் ஒன்றிரண்டு ஆண்டுகள் ஊர் சுற்றும். வழி தெரியாது, அனுபவம் கிடையாது. அப்படி தெற்கே தெற்கே என்று வந்து விட்ட ஒன்று புயல் மழையில் மாட்டிக் கொண்டது என்று எடுத்துக் கொள்வதுதான் பொருத்தம். பெரிய கழுகுகள் இறக்கையை அடித்து பறப்பதை விட, வெயிலில் சூடாகி மேலே எழும் காற்றில் மிதந்து போவதே அதிகம். நாள் கணக்கில் வெயிலே இல்லாமல் மழை கொட்டினால் மேலே எழும் காற்று இருக்காது. இறகும் நனைந்து கனத்து விடும். பறக்க முடியாது, இரை தேட முடியாது. அப்படியே சோர்ந்து உட்கார்ந்து விடும்.

கடல் பறவைகள் விஷயத்தில் மட்டும் "காற்று கொண்டு வந்தது" என்பது நிஜம். நடுக்கடலிலேயே வாழும் கருநிற ஆலா போன்றவை தென்மேற்கு பருவமழை காலத்தில் கேரள கரையோரங்களில் களைத்து போய் ஒதுங்குவது உண்டு. அவை தரையில் நிற்பதை பார்த்து "பறக்க தெரியாத பறவை" என்று சிலர் நினைத்து விடுகிறார்கள். பறந்து பறந்துதான் அந்த கதிக்கு வந்திருக்கும்.

இன்னொரு காரணம், கேட்டால் நம்ப சிரமமாக இருக்கும். பறவைகளுக்கு பூமியின் காந்த புலத்தை உணரும் சக்தி உண்டு. உடம்புக்குள்ளேயே ஒரு திசைகாட்டி வைத்திருப்பது மாதிரி. சூரியனில் ஏற்படும் வெடிப்புகளால் பூமியின் காந்த புலம் கலங்கும்போது அந்த திசைகாட்டி குழம்பி விடுகிறது. அமெரிக்காவில் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் 1960 முதல் 2019 வரை பிடித்து வளையம் மாட்டி விடப்பட்ட 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பறவைகளின் பதிவுகளை ஆராய்ந்தனர். காந்த புலம் கலங்கிய நாட்களுக்கும், பறவைகள் வழி தவறி வேறு இடங்களில் தென்பட்டதற்கும் தொடர்பு இருப்பது தெரிய வந்தது. 2023-ம் ஆண்டு இந்த ஆய்வு வெளியானது.

கண்டம் விட்டு கண்டம் சுற்றிய கழுகு

வழி தவறிய ஒரு பறவை எவ்வளவு தூரம் போகும்? அதற்கும் ஒரு கழுகுதான் உதாரணம். ஆனால் இது பிணந்தின்னி இல்லை, மீன் தின்னி.

ஸ்டெல்லர் கடல் கழுகு என்று பெயர். கரிய உடம்பு, வெள்ளை தோள், வெள்ளை வால், ஆரஞ்சு கலந்த மஞ்சள் நிறத்தில் பெரிய அலகு. 9 கிலோ வரை எடை இருக்கும். ரஷியாவின் கிழக்கு கடற்கரைதான் இதன் சொந்த ஊர். குளிர் காலத்தில் ஜப்பானின் ஹொக்கைடோ தீவு வரை வரும். உலகத்திலேயே மொத்தம் சில ஆயிரம்தான் உள்ளன.

அதில் ஒன்று 2020-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் அமெரிக்காவின் அலாஸ்கா மாநிலத்துக்குள் கடலை விட்டு வெகுதூரம் உள்ளே தென்பட்டது. 2021-ம் ஆண்டு மார்ச் மாதம் டெக்சாஸ் மாநிலத்தில் இதே இன கழுகை ஒருவர் படம் எடுத்தார். அலாஸ்கா எங்கே, டெக்சாஸ் எங்கே? பனியில் வாழும் பறவை வெயில் ஊரில் நின்றது. அது அதே பறவையாகத்தான் இருக்க வேண்டும் என்று கருதப்பட்டது. பிறகு ஜூன், ஜூலை மாதங்களில் கனடாவின் கிழக்கு பகுதியில் கிடைத்தது. நவம்பரில் நோவா ஸ்கோஷியா. டிசம்பரில் அமெரிக்காவின் மசாசூசெட்ஸ் மாநிலம், டாண்டன் ஆற்றங்கரை. அந்த மாதக் கடைசியில் மெய்ன் மாநில கடற்கரைக்கு போய் விட்டது.

எல்லாம் ஒரே பறவைதான் என்று எப்படி தெரியும்? நமக்கு கைரேகை மாதிரி அதற்கு இறக்கை. இறக்கையில் வெள்ளை திட்டுகள் விழுந்திருக்கும் விதம் ஒன்றுக்கு ஒன்று மாறும். ஒவ்வொரு ஊரிலும் பொதுமக்கள் எடுத்த படங்களை பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டு பார்த்தனர். திட்டு அச்சு அசலாக பொருந்தியது. இதில் கவனிக்க வேண்டியது, படம் எடுத்தவர்களில் பலர் நிபுணர்கள் இல்லை. "இது என்ன பறவை?" என்று கேட்டு அனுப்பியவர்கள்தான்.

மசாசூசெட்சில் கழுகை பார்க்க கூட்டம் அலைமோதியது. விடிவதற்கு முன்பே கார்களில் வந்து கொட்டும் குளிரில் காத்து நின்றனர். 2 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் வந்ததாகவும், ஒருவர் சராசரியாக சுமார் 180 டாலர் செலவு செய்ததாகவும் பின்னர் ஒரு ஆய்வில் கணக்கிட்டனர். மொத்தம் சுமார் 4 லட்சம் டாலர். நம் பணத்தில் 3 கோடி ரூபாய் போல வரும். பெட்ரோல் பங்க், லாட்ஜ், சாப்பாட்டு கடை எல்லாவற்றுக்கும் ஒரே ஒரு கழுகால் வியாபாரம். கழுகுக்கு இதில் ஒரு மீன் கூட கிடைக்கவில்லை, அது தானேதான் பிடித்து தின்றது.

அதன் பிறகு 2023-ம் ஆண்டு பிப்ரவரியில் மீண்டும் மெய்ன் வந்து எட்டி பார்த்தது. மற்றபடி கனடாவின் நியூபவுண்ட்லாந்து தீவிலேயே பெரும்பாலும் தங்கி விட்டது. மீன் இருக்கிறது, குளிர் இருக்கிறது, பாறை கடற்கரை இருக்கிறது. சொந்த ஊர் மாதிரியேதான். ஜோடி மட்டும் கிடையாது. அந்த பக்கத்தில் ஆயிரக்கணக்கான கிலோ மீட்டருக்கு அதன் இனத்தில் இன்னொன்று இல்லை.

அதிசயமா, தப்பி வந்ததா?

எல்லா அதிசயமும் அதிசயம் இல்லை. 2018-ம் ஆண்டு அக்டோபரில் நியூயார்க் நகர பூங்கா குளத்தில் கலர் கலராக ஒரு மாண்டரின் வாத்து நீந்தியது. கிழக்கு ஆசிய பறவை. பார்க்க ஊரே திரண்டது. ஆனால் அதன் காலில் வளையம் இருந்தது. யாரோ வளர்த்தது தப்பி வந்திருக்கிறது. சொந்தக்காரர் கடைசி வரை வரவில்லை.

அதே இன வாத்து 2021-ம் ஆண்டு பிப்ரவரியில் அசாம் மாநிலம் தின்சுகியாவில் உள்ள மாகுரி-மோடாபுங் ஏரியில் தென்பட்டது. அந்த பகுதியில் அதற்கு முன்பு பதிவானது 1902-ம் ஆண்டு. நூறு ஆண்டுக்கு மேல் இடைவெளி. இத்தனைக்கும் அதற்கு முந்தைய ஆண்டுதான் பக்கத்தில் பாக்ஜான் எண்ணெய் கிணறு வெடித்து தீப்பிடித்து, அந்த ஏரியும் பாதிக்கப்பட்டிருந்தது.

நம்ம ஊர் காக்காவும் இப்படி வெளிநாடு போயிருக்கிறது தெரியுமா? கப்பலில் ஏறி ஓசி பயணம் செய்வதில் காக்கா கெட்டிக்காரன். 1994-ம் ஆண்டு நெதர்லாந்து துறைமுக ஊர் ஒன்றில் போய் இறங்கியது. அங்கேயே கூடு கட்டி குஞ்சு பொரித்தது. உள்ளூர் பறவைகளுக்கு ஆபத்து என்று சொல்லி, 2014-ல் அவற்றை சுட்டு ஒழிக்க தொடங்கி விட்டனர். நமக்கு அமாவாசை சோறு சாப்பிடுகிற காக்கா, அங்கே வேண்டாத விருந்தாளி.

அதனால் வழி தவறி வருவதை ஏதோ தனி ஒரு பறவையின் பரிதாப கதை என்று மட்டும் பார்க்க முடியாது. பெரும்பாலானவை செத்துப் போகும், அது உண்மை. ஆனால் சில தப்பி பிழைத்து புது ஊரையே பிடித்து விடும். மாடு மேயும் இடத்தில் கூடவே திரியும் வெள்ளை உண்ணிக்கொக்கின் ஆப்பிரிக்க சொந்தங்கள், 19-ம் நூற்றாண்டு கடைசியில் கடல் தாண்டி தென் அமெரிக்கா போய் சேர்ந்தன. இப்போது அந்த கண்டங்கள் முழுக்க அவை சாதாரண பறவை.

கூட்டம் கூடினால் ஆபத்து

அபூர்வ பறவை என்றதும் செல்போனை தூக்கிக் கொண்டு ஓடுவது மனித சுபாவம். வெளிநாட்டிலும் அப்படித்தான். ஸ்காட்லாந்தின் ஹாரிஸ் தீவில் 2013-ம் ஆண்டு ஜூன் மாதம், ஆசியாவில் இருந்து வழி தவறி வந்த ஊசிவால் உழவாரன் ஒன்றை பார்க்க 30-க்கும் மேற்பட்டோர் போயிருந்தனர். அவர்கள் பார்த்துக் கொண்டிருக்கும்போதே அது காற்றாலை இறக்கையில் அடிபட்டு செத்தது. அதில் யார் மீதும் தப்பு இல்லை. ஆனால் புது இடத்தில் எது ஆபத்து என்று அந்த பறவைக்கு தெரியாது என்பதை புரிந்து கொள்ளணும். மின் கம்பி, நாய், லாரி, காற்றாலை எல்லாமே அதற்கு புதுசு. களைத்து உட்கார்ந்திருப்பதை கூட்டமாக சூழ்ந்து நின்று விரட்டி விரட்டி படம் எடுத்தால், மிச்சம் இருக்கிற தெம்பும் போய் விடும்.

வேறு மாதிரி வம்பும் உண்டு. 2023-ம் ஆண்டு மே மாதம் மும்பை துறைமுகம் பக்கம் ஒரு புறா பிடிபட்டது. காலில் வளையம், இறக்கையில் சீன எழுத்து மாதிரி ஏதோ. உளவு பார்க்க வந்த புறா என்று சந்தேகப்பட்டு 8 மாதம் ஆஸ்பத்திரி கூண்டில் வைத்திருந்தனர். விசாரித்தால் அது தைவான் நாட்டு பந்தய புறா. 2024-ம் ஆண்டு ஜனவரி 30-ந்தேதி விடுதலை கிடைத்தது.

கீழே கிடந்தால் என்ன செய்வது?

முதலில், நன்றாக பறந்து கொண்டிருக்கும், இரை தேடிக் கொண்டிருக்கும் பறவையை பிடிக்கவே கூடாது. எவ்வளவு அபூர்வமாக இருந்தாலும் சரி. தூரத்தில் இருந்து படம் எடுங்க. முதுகு, அலகு, கால், விரித்த இறக்கை தெரியும்படி இரண்டு மூன்று படம் போதும். தேதியும் இடமும் குறித்து வைக்கணும்.

பறக்க முடியாமல் கிடந்தால் நாயும் காக்காவும் அண்டாமல் பார்த்துக் கொண்டு வனத்துறைக்கு சொல்லணும். நம்பர் தெரியவில்லை என்றால் பக்கத்து தீயணைப்பு நிலையத்திலோ போலீஸ் நிலையத்திலோ சொன்னாலும் தகவல் போய் விடும். கழுகு மாதிரி பெரிய பறவை என்றால் கிட்டவே போகாதீங்க, நகம் சதையை கிழித்து விடும். சின்ன பறவை என்றால் துணியை போட்டு மூடி எடுத்து, ஓட்டை போட்ட அட்டை பெட்டியில் வைத்து, சத்தம் இல்லாத இருட்டான இடத்தில் வைக்கலாம். வெறும் கையால் தொடக் கூடாது, பறவை காய்ச்சல் பயம் இருக்கிறது.

பாவம் என்று வாயை பிளந்து தண்ணீர் ஊற்றுவதுதான் அதிகம் நடக்கிற தப்பு. அது மூச்சுக்குழலுக்குள் போனால் அங்கேயே முடிந்தது. சோறு, பிஸ்கட், பால் எதுவும் வேண்டாம். கடல் பறவையை குளத்தில் கொண்டு போய் விடுவதும் கூடாது. நனைந்து குளிரில் விறைத்து விடும்.

வீட்டில் வைத்து வளர்க்கலாம் என்ற ஆசையும் வேண்டாம். 1972-ம் ஆண்டு வன உயிரின பாதுகாப்பு சட்டப்படி காட்டு பறவையை அனுமதி இல்லாமல் பிடித்து வைப்பது குற்றம். மீட்டவுடன் தகவல் சொல்லி விட்டால் பிரச்சினை இல்லை.

காலில் வளையம் இருந்தால் அதை கழற்றாமல் எழுத்தையும் எண்ணையும் படம் எடுங்க. நம் நாட்டில் மாட்டும் வளையத்தில் மும்பையில் உள்ள பாம்பே இயற்கை வரலாற்று கழகத்தின் பெயர் இருக்கும். கோடியக்கரையில் பல ஆண்டுகளாக பறவைகளை பிடித்து வளையம் மாட்டி பறக்க விடுபவர்கள் இவர்கள்தான். அந்த எண்ணை அவர்களுக்கு தெரிவித்தால், அது எந்த ஊரில், எந்த தேதியில் மாட்டிய வளையம் என்பதை பதிவேட்டை பார்த்து சொல்லி விட முடியும்.